13 பக்கக் கட்டுரை, இரண்டாம் பகுதியில் நின்றுவிட்டேன்: ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிக்கிறீர்கள்?

#1 பொருநைக்கரை

முதுகலைப் பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். இளங்கலை முழுவதும் தமிழ்வழி. அடுத்த வாரம் வகுப்பில் ஆளுக்கொரு கட்டுரையை விளக்கிப் பேச வேண்டும். எனக்கு வந்து விழுந்தது ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய ‘எலுமிச்சைகளின் சந்தை’. மொத்தமே 13 பக்கம். நாற்பது பக்கம் கிடைத்தவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்.

அகராதியோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்கிறேன். தெரியாத சொல்லுக்கு ஓரத்தில் பொருள் எழுதுகிறேன், முக்கியமாகப் படுவதற்கு மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறேன். இப்போது பக்கம் முழுக்க மஞ்சள். வாக்கியம் வாக்கியமாகக் கேட்டால் சொல்லிவிடுவேன்; பத்தியில் என்ன சொன்னார் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாம் பகுதியில் குறியீடுகள் தொடங்குகின்றன, அங்கே நின்றுவிட்டேன்.

இது ஆங்கிலப் பிரச்சினையா, கணக்குப் பிரச்சினையா? இப்படிப்பட்டவற்றை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? ‘திரும்பத் திரும்பப் படி, தானாக விளங்கும்’ என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதை விடுதியில் எல்லோரும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

#2 அரைநாள்விடுப்பு

எதற்கு இவ்வளவு பாடு? கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றுங்கள், தமிழில் பத்து வரிச் சுருக்கம் கேளுங்கள், மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பேசுங்கள். வகுப்புக் கருத்தரங்குக்கு நோபல் குழு வந்து உட்காரப் போவதில்லை.

#3 நூலகமேசை

தம்பி, நான் இதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்தக் கட்டுரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் ஆங்கிலத்தில் பெரிய கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார் என்பது தெரியாமல் பதிலை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிப் படித்தால் தாய்மொழியில் இருந்தாலும் இதே கதிதான்.

கேள்வி இதுதான். நாம் இளங்கலையில் படித்த சந்தையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொருளின் தரம் தெரியும். அளிப்பும் தேவையும் சந்திக்கும் இடத்தில் விலை நிற்கும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால்? பழைய கார் விற்பவருக்கு வண்டியின் வண்டவாளம் முழுக்கத் தெரியும், வாங்க வருகிறவருக்கு வெளிப்பூச்சு மட்டும்தான் தெரியும். அப்போதும் அந்த விலை அங்கேயே நிற்குமா? அமெரிக்கப் பேச்சில் பழுதான வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். தலைப்புக்கு அவ்வளவுதான் அர்த்தம், அதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

இந்தக் கேள்வி அன்றைக்குப் பெரிய ஆட்களுக்கே அசட்டுத்தனமாகத் தெரிந்தது. மூன்று இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அற்ப விஷயம் என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். இது சரியென்றால் பொருளியலே வேறு மாதிரி அல்லவா இருக்க வேண்டும் என்று இன்னொரு இடத்தில் சொன்னார்கள். நான்காவதாக வெளியிட்ட ஹார்வர்டு இதழின் அதிர்ஷ்டம், 2001-இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அக்கர்லாஃபுக்கு நோபல் கிடைத்தது.

இனி வரிசை. முதல் வரியில் தொடங்க வேண்டாம். முன்னுரை, முடிவுரை, நடுவில் உள்ள உட்தலைப்புகள், இவற்றை மட்டும் முதலில் பாருங்கள். பிறகு நேராக மூன்றாம் பகுதிக்குப் போங்கள், குறியீடே கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு அன்று ஏன் எளிதில் கிடைக்கவில்லை, கிராமத்தில் வட்டிக்காரரை ஒழித்துவிட்டு வெளியாள் ஏன் கடன் கொடுக்க முடிவதில்லை என்று வரும். அக்கர்லாஃப் 1967-68-இல் இந்தியாவில் ஓராண்டு இருந்தவர். அதன் தடயம் அங்கே தெரியும்: கடைத்தெரு அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலந்த கல்லை இந்தியக் குடும்பத்தலைவி உட்கார்ந்து பொறுக்குவதை எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார் முறத்தோடு செய்த வேலை, ஹார்வர்டு இதழில்!

அதைப் படித்த கையோடு இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

#4 பொருநைக்கரை

அக்கா, மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டேன். அரிசிக் கல் வந்த இடத்தில் சிரித்தேவிட்டேன். வட்டிக்காரர் பகுதியும் ஓரளவு பிடிபட்டது. ஆனால் இரண்டாம் பகுதி மசியவில்லை. இரண்டு வகை வணிகர், தரம் 0-இலிருந்து 2 வரை சீராகப் பரவியிருக்கிறது, ஒருவர் அடையும் பயனைக் கணக்கிடும் பயன்பாட்டுச் சார்பில் 3/2 என்ற எண். அது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. வாக்கியத்தைப் பத்து முறை படித்தாலும் 3/2 அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

#5 நூலகமேசை

படிப்பதை நிறுத்துங்கள். தாளும் பேனாவும் எடுங்கள்.

காரை விட்டுவிட்டு பைக்கை வைத்துக்கொள்வோம். 0 முதல் 2 என்பதை 0 முதல் 1,00,000 ரூபாய் என்று மாற்றிக்கொள்ளலாம்; விகிதம் மாறாது. ஊரில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் முதல் வகை. ஒருவருக்குத் தன் பைக் 10,000 பெறும், இன்னொருவருக்கு 55,000, இன்னொருவருக்கு 90,000. இப்படி 0 முதல் லட்சம் வரை எல்லா மதிப்பிலும் சமமாகப் பைக்குகள் இருக்கின்றன. சீரான பரவல் என்றால் இவ்வளவுதான். வாங்க வருபவர்கள் இரண்டாம் வகை. எந்தப் பைக்கையும் உரிமையாளர் மதிப்பதைப் போல ஒன்றரை மடங்காக மதிக்கிறார்கள். அதுதான் உங்கள் 3/2. அதாவது ஒவ்வொரு பைக்கும் கைமாறினால் இருவருக்கும் லாபம். வியாபாரம் நடந்தே தீர வேண்டிய ஊர் இது.

இப்போது சந்தை விலை 80,000 என்று வையுங்கள். யார் விற்க வருவார்? தன் பைக் 80,000-க்குக் கீழே பெறும் என்று தெரிந்தவர் மட்டும். 90,000 பெறும் பைக்காரர் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். ஆக சந்தைக்கு வந்த பைக்குகளின் சராசரி மதிப்பு 40,000. வாங்குபவருக்கு அது ஒன்றரை மடங்கு, 60,000. அறுபதாயிரம் பெறும் பொருளுக்கு யாராவது 80,000 கொடுப்பாரா?

சரி, விலை 60,000-க்கு இறங்கட்டும். இப்போது 60,000-க்கு மேல் பெறும் பைக்குகளும் விலகிவிடும். சராசரி 30,000. வாங்குபவருக்கு 45,000. மறுபடியும் ஒத்துவரவில்லை. 45,000-க்கு இறக்கினால் சராசரி 22,500, வாங்குபவர் மதிப்பு 33,750. இறக்க இறக்க நல்ல வண்டி வெளியேறிக்கொண்டே இருக்கும், விலை பூஜ்யத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த விலையிலும் வியாபாரம் நடக்காது.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள், கட்டுரையின் அடுத்த உட்பிரிவு அதுதான். விற்பவருக்கும் தரம் தெரியாது என்றால்? எல்லோரும் சராசரியை வைத்துத்தான் பேசுவார்கள். விற்பவருக்கு 50,000, வாங்குபவருக்கு 75,000. நடுவில் எந்த விலையிலும் வியாபாரம் முடிந்துவிடும். இருவருக்கும் தெரியாவிட்டால் சந்தை நடக்கிறது, ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் செத்துவிடுகிறது. இந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை குறியீடும்.

இதை உங்கள் கையால், வேறு விலை வைத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

#6 மனக்கணக்கு

உளவியல் மாணவி. மஞ்சள் பேனாவைப் பற்றி எங்கள் துறைக்கும் சொல்ல இருக்கிறது.

1972-இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இருவர் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். எளிய சொற்கள், எளிய வாக்கியங்கள்; ஆனால் எதைப் பற்றியது என்று பத்தியில் எங்கும் இல்லை. பொருள்களை வகை பிரி, தேவைப்பட்டால் வேறிடம் போ, ஒரே நேரத்தில் அதிகம் செய்யாதே என்று போகும். துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த பிறகு தலைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்குப் பயனே இல்லை. நூலகமேசை அக்கா ‘கேள்வி முதலில்’ என்று சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

அடுத்தது ‘திரும்பப் படி’ என்கிற விடுதி வைத்தியம். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு உரைப்பகுதியை மறுபடி படித்தது. இன்னொரு குழு அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னணி: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. மறுபடி படித்தால் உடனே தெம்பாக இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் கருத்தரங்கு அடுத்த வாரம் என்பதைக் கவனியுங்கள்.

கோடு போடுவதும் அதே ரகம். 2013-இல் டன்லாஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது கோடு போடுவதும் மறுவாசிப்பும் பயன் குறைந்த பட்டியலில் போய் உட்கார்ந்தன. பேனாக் கம்பெனிகளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

#7 அரைநாள்விடுப்பு

அதாவது நான் சொன்னது தவறு என்று மூன்று பேர் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். நூலகமேசை எண் 5-இல் எழுதியதும் சுருக்கம்தானே? அதை அவர் எழுதினால் அறிவு, செயலி எழுதினால் சோம்பலா?

#8 நூலகமேசை

நியாயமான கேள்வி. கோபம் வேண்டாம்.

நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி பேனாவை எடுக்காவிட்டால் அதுவும் வீண்தான். சுருக்கத்தை யார் கொடுத்தாலும் ஆபத்து ஒன்றே: ‘தகவல் சமமாக இல்லாவிட்டால் சந்தை தோற்கும்’ என்ற வரியைப் படித்தவுடன் எல்லாம் விளங்கியது போல இருக்கும். வகுப்பில் ஒருவர் எழுந்து ‘அப்படியானால் ஊரில் பழைய பைக் கடைகள் எப்படி ஓடுகின்றன?’ என்று கேட்டால் அந்த வரி கை கொடுக்காது. ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-இல் இதைத்தான் காட்டினார்கள்: ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும் என்பார்கள், படிப்படியாக எழுதச் சொன்னதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொள்வார்கள்.

செயலியை நானும் பயன்படுத்துகிறேன். முதலில் நான் போடுவேன், பிறகு என் கணக்கில் ஓட்டை தேடச் சொல்வேன். அது சில நேரம் தவறான ஓட்டையைக் காட்டும். அதை மறுத்து வாதாடுவது நல்ல பயிற்சி.

#9 ஓய்வூதியர்

முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். எல்லோரும் மாணவனுக்கே அறிவுரை சொல்கிறீர்கள். பாடம் கொடுத்தவரை யாரும் கேட்கவில்லையே?

ஆய்வுக் கட்டுரை மாணவருக்காக எழுதப்படுவதில்லை. துறையில் ஏற்கெனவே உள்ளவர், சக துறையினருக்கு எழுதுவது. அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். நிறைவுப் போட்டியில் (எவரும் தனியாக விலையை மாற்ற முடியாத சந்தையில்) முழுத் தகவல் உண்டு என்ற அடிப்படையை ஒரு வகுப்பில் நினைவுபடுத்திவிட்டு இந்தக் கட்டுரையைக் கொடுத்திருந்தால் இந்தப் பையனுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. கட்டுரையைக் கையில் திணித்துவிட்டு ‘தயாரித்து வா’ என்பது கற்பித்தலில் சேராது.

நூலகமேசைக்கு ஒரு சிறு மறுப்பும் உண்டு. கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது இளைஞர்களுக்கு வீரமாகத் தெரியும். அதற்கு முன்னால் நல்ல நுண்ணினப் பொருளியல் பாடநூல் ஒன்றில் தகவல் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக ஆசிரியர்கள் இந்தக் கட்டுரையை எளிமைப்படுத்தி எழுதிவருகிறார்கள். அந்த உழைப்பை ஏன் வீணாக்க வேண்டும்? மூலத்தைப் பிறகு படித்தால் பாடநூல் எதை விட்டுவிட்டது என்பதும் தெரியும். எடுத்துக்காட்டாக, பயன்பாட்டுச் சார்பை ஏன் நேர்கோடாக வைத்தார் என்பதற்கு மூலத்தில் காரணம் இருக்கிறது: வளைந்த சார்பை எடுத்தால் இடர் பற்றிய அச்சத்தின் விளைவும் தகவல் குறைவின் விளைவும் கலந்துவிடும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. பல பாடநூல்கள் இதைத் தாண்டிப் போய்விடும்.

ஆங்கிலம் பற்றி: பயப்படாதே அப்பா. ஒரு துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். நாலைந்து கட்டுரை தாண்டினால் அகராதி தூசு படியத் தொடங்கும்.

#10 மேட்டுத்தெரு

கணக்கு உள்ள துறைக்கு எண் போட்டுப் பார்க்கலாம். நான் சமூகவியல். எங்கள் கட்டுரைகளில் 3/2 கூடக் கிடையாது, வாக்கியம் மட்டும்தான், அதுவும் அரைப் பக்கத்துக்கு ஒன்று.

நான் செய்வது ஒன்றுதான்: இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று தேடுவேன். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் எழுத்தை முதலில் படித்தபோது சமஸ்கிருதமயமாக்கல் (மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி ஒரு சாதி உயர முயல்வது), ஆதிக்க சாதி என்று கலைச்சொற்களாகவே தெரிந்தது, தேர்வுக்கு எழுதி மறந்தேன். பிறகுதான் எதிராளி யார் என்று பார்த்தேன். சாதி என்றால் நான்கு வருணம், மேலிருந்து கீழ், அசையாதது என்று பழைய நூல்களை வைத்துச் சொன்ன பார்வையோடுதான் அவருக்குச் சண்டை. ஏட்டில் உள்ளதை வைத்துப் பேசாதே, ஊருக்குள் போய்ப் பார் என்கிறார். குடகு மக்களைப் பற்றிய 1952 நூலும், மைசூருக்கு அருகே ராம்புராவில் தங்கிச் செய்த களப்பணியும் அந்தச் சண்டைக்கான ஆயுதங்கள். நிலமும் ஆள்பலமும் உள்ள சாதி, சடங்கு வரிசையில் நடுவில் இருந்தாலும் ஊரை ஆளும் என்று அவர் காட்டும்போது எதிராளி எங்கே அடிவாங்குகிறார் என்பது தெரியும்.

எங்கள் ஆட்கள் ‘எனினும்’, ‘மாறாக’ என்று எழுதும் இடத்தில்தான் சரக்கு இருக்கும். அதற்கு முந்தைய வரி பெரும்பாலும் எதிராளியுடைய கருத்து. அதை எழுத்தாளர் தலையில் கட்டி விடைத்தாளில் எழுதுபவர்கள் ஏராளம்.

#11 மின்சுற்று

கணினித் துறையில் கேஷவ் என்பவர் 2007-இல் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு பிரபலம். மூன்று சுற்றாகப் படிக்கச் சொல்கிறார். முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாவதுக்கு ஒரு மணி நேரம் வரை: படங்களையும் வாதத்தையும் பிடி, நிறுவல்களை விடு. மூன்றாவதில் கட்டுரையை நாமே மறுபடி உருவாக்கிப் பார்க்க வேண்டும். புதியவருக்கு நான்கு ஐந்து மணி நேரம் ஆகலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி எண். 13 பக்கத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனால் நாம் மந்தபுத்தி என்று நினைத்துக்கொள்கிறோம். துறைக்காரர் ஒருவரே அதுதான் விலை என்று சீட்டு ஒட்டிவைத்திருக்கிறார்.

#12 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பாடநூல் அத்தியாயத்தைப் படித்தேன். பிறகு பைக் கணக்கை வேறு விலைகளுக்குப் போட்டேன். ஒத்துவருகிறது.

போடும்போது ஒரு சந்தேகம். அந்த 3/2-ஐ மாற்றினேன். வாங்குபவர் மூன்று மடங்கு மதிக்கிறார் என்று வைத்தால் கதை கவிழ்ந்துவிடுகிறது! விலை 80,000, சராசரி 40,000, வாங்குபவருக்கு 1,20,000. தாராளமாக வாங்குவார். சரியாக இரண்டு மடங்கு என்றால் இழுபறி, 80,000-க்கு 80,000. அப்படியானால் அவர் 3/2 எடுத்தது தமக்கு வேண்டிய முடிவு வருவதற்காகவா? இதை வகுப்பில் சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்களா?

#13 நூலகமேசை

சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள். கருத்தரங்கில் நீங்கள் பேசப் போவதில் இதுதான் சுவையான இடம்.

அந்த மடங்கு ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் வியாபாரத்தில் லாபம் உண்டு. இரண்டுக்குக் கீழே இருந்தால்தான் சந்தை சரியும். 3/2 அந்த இரண்டுக்கும் நட்ட நடுவில் இருக்கிறது. எல்லாச் சந்தையும் இப்படிச் செத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. சாகக்கூடும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டுப் போதும், அதைக் கொடுத்திருக்கிறார்.

இனி இன்னொரு எண்ணையும் அசையுங்கள். ஒன்றரை மடங்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் 50,000-க்குக் கீழே பெறும் பைக் எதுவும் சந்தைக்குள் வர முடியாது என்று யாரோ தடுத்துவிட்டார்கள்.

#14 பொருநைக்கரை

50,000 முதல் 1,00,000 வரை. விலை 80,000 என்றால் வருபவை 50,000 முதல் 80,000 வரை, சராசரி 65,000, ஒன்றரை மடங்கு 97,500. வாங்குவார்! விலை லட்சம் என்றாலும் சராசரி 75,000, வாங்குபவருக்கு 1,12,500. அப்போதும் வாங்குவார். அடிமட்டத்தை வெட்டினால் மேலே உள்ள நல்ல வண்டியும் திரும்பி வந்துவிடுகிறது.

#15 ஓய்வூதியர்

சபாஷ். இனி நான்காம் பகுதியைத் திறந்து பார். உத்தரவாதம், வணிகப் பெயர், மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் முடிதிருத்துபவருக்கும் உரிமம் என்று பட்டியல் வரும். நீ வெட்டிய அந்த 50,000-தான் உரிமம்.

#16 அரைநாள்விடுப்பு

செயலியிடம் இப்போது கேட்டேன். இரண்டு மடங்கு விஷயத்தை நான் கேட்கும்வரை அதுவாகச் சொல்லவில்லை. கேட்டதும் சரியாகச் சொன்னது. இதை யாருடைய வெற்றியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது கிடக்கட்டும், 65 வயதுக்காரர் காப்பீட்டில் யார் பைக், யார் கடைக்காரர்? அங்கே எனக்குக் குழம்புகிறது.

#17 நூலகமேசை

அங்கே ரகசியம் வாங்குபவரிடம் இருக்கிறது. தன் உடம்பு எப்படி என்பது அவருக்குத் தெரியும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே விலையை இறக்குவதற்குப் பதிலாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஆண்டுக் கட்டணம் 10,000, 20,000, 30,000 என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் யார் ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகுவார், யார் என்ன ஆனாலும் நிற்பார், நிற்பவர்களின் சராசரி மருத்துவச் செலவு எவ்வளவு என்று மூன்று வரிசை போடுங்கள். போட்டுவிட்டு இங்கே பதியுங்கள், பார்க்கிறேன்.